பதிமூன்றில் வந்து நிற்கும் சமையலறைகள்

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை உணவகங்களுக்குப் போடும் மதிப்பெண், நம் பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணுக்கு நேர் எதிர். குறைவாக வாங்குகிறவரே கெட்டிக்காரர். ஒரு குறையும் இல்லையென்றால் பூஜ்யம். 13 வரை ‘ஏ’, 14 முதல் 27 வரை ‘பி’, 28-ம் அதற்கு மேலும் ‘சி’. அந்த எழுத்தைத் தாங்கிய அட்டையைத் தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி வாசலில் ஒட்டியாக வேண்டும். 2010 ஜூலையில், மைக்கேல் ப்ளூம்பெர்க் மேயராக இருந்தபோது தொடங்கிய ஏற்பாடு இது. உலகம் பேசியது அந்த அட்டையைப் பற்றித்தான். ஆனால் அந்த நகரம் செய்த பெரிய காரியம் வேறு. ஏறத்தாழ 27,000 உணவகங்களில் நடந்த ஆய்வுகளின் முடிவுகளை வரிக்கு வரி இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. கடை பெயர், தெரு, சமையல் வகை, ஆய்வு நடந்த நாள், கண்ட குறை, அதன் குறியீட்டு எண், மதிப்பெண், எடுத்த நடவடிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. அட்டவணை நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது.

அந்த அட்டவணையை எடுத்து, எந்த மதிப்பெண்ணை எத்தனை உணவகங்கள் வாங்கியிருக்கின்றன என்று ஒரு படம் போட்டுப் பார்த்தவர்கள் பலர். எல்லோருக்கும் கிடைத்தது ஒரே படம்தான். 12, 13 என்ற எண்களின் மேல் கோபுரம்போல் ஓர் உயரம். 14-க்கு வந்ததும் செங்குத்தான பள்ளம். 13 புள்ளி அழுக்கோடு நின்றுகொள்வோம், 14-க்குப் போக வேண்டாம் என்று நியூயார்க்கின் எலிகளும் கரப்பான்களும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எனவே அந்தப் பள்ளத்தைத் தோண்டியது ஆய்வாளரின் பேனா.

அது எப்படி முடியும் என்று கேட்டால், விதிகளே இடம் கொடுக்கின்றன. உணவைச் சரியான வெப்பநிலையில் வைக்காதது போன்ற பொதுச் சுகாதார அபாயத்துக்கு 7 புள்ளியில் தொடங்கும். கழுவாத காயைப் பச்சையாகப் பரிமாறுவது போன்ற கடுமையான குறைக்கு 5. சமையல் பாத்திரத்தைக் கிருமிநீக்கம் செய்யாதது போன்ற சாதாரணக் குறைக்கு 2. இவை தொடக்கம்தான், குறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் புள்ளி ஏறும். எலிப் புழுக்கையைக்கூட எண்ணிப் பார்த்துத்தான் நிலை நிர்ணயிக்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடிக்கிற மனிதர் எத்தனை எண்ணினார் என்பது அவருக்கும் அந்தச் சுவருக்கும் மட்டுமே தெரியும். கணக்கு 14 என்று வந்து நிற்கும்போது, எதிரே முகம் வெளிறிய முதலாளி கைகட்டி நிற்கும்போது, ஒரு சின்னக் குறையை விட்டுவிடுவது மனித இயல்பு. இதில் எல்லாமே கையூட்டு என்று நான் சொல்லவில்லை. இரக்கமாக இருக்கலாம், சண்டை வேண்டாம் என்ற சோர்வாக இருக்கலாம். காரணம் எதுவானாலும், வாசலில் தொங்கும் ‘ஏ’ என்ற எழுத்து அந்தச் சமையலறையை மட்டும் அளக்கவில்லை. அளந்தவரையும் சேர்த்தே காட்டுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. முதல் ஆய்வில் 14-ம் அதற்கு மேலும் வாங்கிய கடைக்கு உடனே எழுத்து கிடைப்பதில்லை. ஒரு மாதம் போலக் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் மறு ஆய்வு. அதில் தேறினால் ‘ஏ’. தேறாவிட்டாலும், விசாரணை மன்றத்தில் வழக்கு முடியும்வரை ‘தரம் நிலுவையில்’ என்ற அட்டையை மாட்டிக்கொள்ளலாம். ஆக, பத்துக்கு ஒன்பது கடைகளில் ‘ஏ’ தொங்குகிறதென்றால், அவற்றில் கணிசமானவை எச்சரிக்கை கிடைத்தபிறகு சுத்தம் செய்துகொண்டவை. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்தில் அந்தச் சமையலறை எப்படி இருந்தது என்பது அட்டையில் இருக்காது. அட்டவணையில் இருக்கும், முதல் ஆய்வின் மதிப்பெண்ணாக. எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கும் வரிகளைப் படிப்பவருக்கும் தெரிகிற நகரங்கள் வேறு வேறு.

வரிகளைப் படிப்பதும் அவ்வளவு எளிதல்ல. இதில் புதிதாக இறங்குகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அட்டவணையில் ஒரு வரி என்பது ஓர் உணவகம் அல்ல, ஓர் ஆய்வும் அல்ல, ஒரு குறை. ஆறு குறை கண்ட கடை ஆறு வரியில் வரும், ஆறிலும் அதே மதிப்பெண்ணோடு. வரிகளை அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் மோசமான கடைகள் பலமுறை எண்ணப்பட்டு, நகரமே நாறுவதாகத் தோன்றும். சில கடைகளுக்கு ஆய்வு நாள் 1900 ஜனவரி 1 என்று இருக்கும். நூற்றாண்டுக்கு மேலாக எவரும் எட்டிப்பார்க்கவில்லை என்று பொருளல்ல, இன்னும் முதல் ஆய்வே நடக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. இவற்றையெல்லாம் விடப் பெரியது, மூடப்பட்ட கடைகள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன என்பது. மிக மோசமாக இருந்து கடையைக் கட்டிக்கொண்டு போனவர்களின் வரலாறு அவர்களோடே போய்விடுகிறது. குறைந்த தரம் வாங்கிய கடைகள் விரைவில் மூடப்படுகின்றனவா என்ற எளிய கேள்விக்குக்கூட இன்று இறக்கிய பட்டியலில் விடை கிடைக்காது. சமையல் வகை என்ற பத்தியும் அப்படித்தான். தோசைக் கடையும் தந்தூரி அடுப்பு வைத்தவரும் ‘இந்தியன்’ என்ற ஒரே பெட்டிக்குள். அந்தப் பெட்டியின் சராசரியை வைத்து இந்தியச் சமையலறைகளைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறவரை நம்பாதிருப்பது நல்லது.

இவ்வளவு ஓட்டை இருந்தும் இந்த அட்டவணை வெளியே இருப்பதால்தான் ஓட்டைகளே நமக்குத் தெரிகின்றன. என் வாதம் இதுதான். உணவக ஆய்வுத் தரவைப் பொதுவில் வைப்பதன் முதன்மைப் பயன், இன்றிரவு எங்கே சாப்பிடலாம் என்று முடிவு செய்வதற்கல்ல. ஆய்வு செய்கிறவர்களை ஆய்வு செய்வதற்கு.

தர அட்டையால் மக்கள் உடல்நலம் மேம்பட்டதா என்ற கேள்வியின் கதையே இதற்கு நல்ல சான்று. 1997 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தொலைக்காட்சி நிலையம் மறைகேமராவுடன் உணவகச் சமையலறைகளுக்குள் புகுந்து எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. ஊரே கொந்தளித்தது, சில வாரங்களில் மாவட்ட நிர்வாகம் எழுத்துத் தர அட்டையைச் சட்டமாக்கியது, 1998 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஜின், லெஸ்லி என்ற இரு பொருளியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, அட்டை வந்தபின் உணவுவழி நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்வது 20 சதவீதம் குறைந்தது என்றது. அந்த 20 சதவீதம் உலகம் சுற்றியது. வெளிப்படைத்தன்மை உயிர் காக்கும் என்று பேச எழுந்த ஒவ்வொருவரும் அதை மேற்கோள் காட்டினார்கள். 2019-ல் டேனியல் ஹோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அட்டை வருவதற்குச் சற்று முன்பு தெற்குக் கலிபோர்னியாவில் சால்மொனெல்லா தொற்று ஒன்று பரவி, தானாகவே அடங்கியிருந்தது. அது அடங்கியதைத்தான் அட்டையின் சாதனையாக எண்ணிவிட்டார்கள். அந்தத் தொற்றைக் கணக்கில் கொண்டபின் அட்டையால் விளைந்த நன்மைக்குச் சான்று நிற்கவில்லை.

இதைப் படித்துவிட்டு அட்டை வெறும் காகிதம் என்று முடிவுகட்டவும் கூடாது. நியூயார்க்கில் 2011 முதல் 2015 வரை சால்மொனெல்லா தொற்று, மாநிலத்தின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 5.3 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது என்று 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரண்டு தரப்பும் நேர்மையானவை. வாதம் இன்னும் தீரவில்லை. தரவு கையில் இருப்பதால் வாதிக்க முடிகிறது.

ஆய்வாளர்களைப் பற்றிய மிகக் கூர்மையான பாடம் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டத்திலிருந்து வந்தது. அங்கே ஆய்வாளர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒரே உணவகத்துக்கு, ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு இருவர் தாள்களையும் ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு அறுபது இடங்களில் இருவரும் ஒத்துப்போகவில்லை. பார்த்தது ஒரே குளிர்பெட்டி, ஒரே வெட்டுப்பலகை. இவர்கள் அரைகுறைகள் அல்ல, பயிற்சி பெற்றவர்கள். சும்மா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்களும் அல்ல. அப்படியும் அறுபது. வேறு மூன்று மாநிலங்களின் பதிவுகளை ஆராய்ந்த இபானெஸ், டோஃபெல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கண்டது இன்னும் வேடிக்கை: ஒரே நாளில் ஆய்வாளர் அடுத்தடுத்த கடைகளுக்குப் போகப் போக, எழுதும் குறைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு கடைக்கும் சுமார் 3 சதவீதம் இறங்கிக்கொண்டே வருகிறது. மாலை நேரத்துக் கடைகள் காலை நேரத்துக் கடைகளைவிடச் சுத்தமாகிவிடுவதில்லை. கால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

கிங் மாவட்டம் இந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டு 2017-ல் வேறொரு முறைக்கு மாறியது. ஒரு நாள் ஆய்வை வைத்துத் தரம் கொடுப்பதில்லை. கடைசி நான்கு ஆய்வுகளின் சராசரி. தாராளமான ஆய்வாளர் உள்ள பகுதிக்கும் கறாரானவர் உள்ள பகுதிக்கும் ஒரே கோடு போடாமல், அந்தந்தப் பகுதியின் மற்ற உணவகங்களோடு ஒப்பிட்டு இடம் கொடுக்கிறார்கள். எழுத்துக்குப் பதில் சிரிக்கும் முகப் படம். குறையை மறைக்காமல் வெளியிட்டு, அதையே கொண்டு முறையைத் திருத்திய நிர்வாகம் என்று இதைத்தான் சொல்வேன்.

சிகாகோ போன வழி வேறு. 15,000-க்கும் மேற்பட்ட உணவு நிறுவனங்கள், முப்பத்துச் சொச்சம் ஆய்வாளர்கள். யாரை முதலில் பார்ப்பது? நகர நிர்வாகம் தன்னிடமிருந்த பொதுத் தரவுகளையே பிசைந்து ஒரு கணிப்புமுறை செய்தது. முந்தைய கடுமையான குறைகள், கடைசி ஆய்வு முடிந்து எத்தனை நாள் ஆயிற்று, அக்கம்பக்கத்துக் குப்பைப் புகார்கள், அருகில் நடந்த வீட்டு உடைப்புகள், மூன்று நாள் சராசரி வெயில் என்று பலவற்றைச் சேர்த்தார்கள். 2014 இலையுதிர் காலத்தில் சோதித்தபோது, கடுமையான குறைகளை வழக்கமான வரிசையைவிடச் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே கண்டுபிடித்திருக்க முடியும் என்று தெரிந்தது. நிரலையும் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அதனால் சில ஆண்டுகள் கழித்து வெளியாட்கள் அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. பார்த்தால், கணிப்பில் கனமான பங்கு வகித்த காரணிகளில் ஒன்று, எந்த ஆய்வாளர் போகிறார் என்பது! ஊதா, நீலம், பச்சை என்று நிறப் பெயர் கொடுத்து ஆய்வாளர்களைக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். ஊதா போனால் குறை எழுதப்படும், வேறொரு நிறம் போனால் எழுதப்படாது. எலியைத் தேடப் போன இயந்திரம் ஆய்வாளரைக் கண்டுபிடித்துவிட்டு வந்தது.

வாடிக்கையாளர் விமர்சனங்களை வைத்து ஆய்வாளர்களை அனுப்பலாமே என்று கேட்போருக்கும் ஒரு விடை உண்டு. நியூயார்க் சுகாதாரத் துறை 2012-13-ல் ‘யெல்ப்’ தளத்தின் சுமார் 2,94,000 விமர்சனங்களைச் சலித்து, யாரும் புகார் செய்யாத மூன்று நோய்ப் பரவல்களைக் கண்டுபிடித்தது, மெச்சத்தக்க வேலை. ஆனால் கிங் மாவட்டத் தரவை ஆராய்ந்தவர்கள், ஆய்வாளரிடம் ஒரே மதிப்பெண் வாங்கிய கடைகளிலும் ஆசியச் சமையல் கடைகளே விமர்சனங்களில் ‘அழுக்கு’ என்ற பழியை அதிகம் சுமப்பதைக் கண்டார்கள். அந்தப் பேச்சை இயந்திரத்துக்கு ஊட்டினால் அரசு அதிகாரி யார் கதவைத் தட்டுவார் என்று விளக்க வேண்டியதில்லை. மீன் குழம்பு வாசனை பிடிக்காதவரும் சுகாதாரக் குறை என்றுதான் எழுதுவார்.

சரி, நம் ஊர் எங்கே இருக்கிறது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளது. உணவகங்கள் உரிமம் பெற வேண்டும், சிறு கடைகளும் தள்ளுவண்டிகளும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண். முதல் இலக்கம் உரிமமா பதிவா என்று சொல்லும், அடுத்த இரண்டு மாநிலத்தை. 2022 ஜனவரி முதல் அந்த எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும் என்பதும் கட்டாயம். ஒன்றிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் கடையின் பெயரும் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியவரும். அந்தக் கடைக்கு அதிகாரி கடைசியாக எப்போது போனார், என்ன கண்டார், என்ன எழுதினார் என்பது வராது. சுத்தத்துக்குச் சிரிக்கும் முகங்கள் தரும் ஒரு மதிப்பீட்டுத் திட்டமும் ஆணையத்திடம் இருக்கிறது. அது விருப்பத் திட்டம். தணிக்கை செய்வது அங்கீகாரம் பெற்ற தனியார் முகமைகள். பரீட்சையில் தேறுவோம் என்று நம்புகிறவர்கள் மட்டும் எழுதும் பரீட்சை.

நமக்குக் கிடைப்பதெல்லாம் செய்தி. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். அதே கடையில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உடனே மாநிலம் முழுக்க அதிரடிச் சோதனை. இத்தனை கடைகளில் சோதனை, இத்தனை கிலோ கெட்டுப்போன இறைச்சி பறிமுதல், பினாயில் ஊற்றி அழிப்பு என்று நாளிதழ்களில் படங்கள் வந்தன. நம் ஊரில் உணவுப் பாதுகாப்பின் அலகு கிலோ. எந்தக் கடை, அதற்கு முந்தைய ஆண்டில் அங்கே யாராவது போனார்களா, மேம்பாட்டு அறிவிப்பு கொடுத்தார்களா, எடுத்த மாதிரி ஆய்வகத்திலிருந்து என்ன சொல்லித் திரும்பியது, மாவட்ட வருவாய் அலுவலர் முன் நடந்த தீர்ப்பு விசாரணை எப்படி முடிந்தது என்பதெல்லாம் கிலோக் கணக்கில் அடங்காது. பத்து நாள் கழித்து அடுத்த செய்தி வந்துவிடும்.

தகவல் இல்லாமலா இருக்கிறது? ஆய்வு முடிவுகளை நேரமும் இடமும் பொறித்துக் கைபேசியிலேயே பதிவிடும் ‘ஃபாஸ்கோரிஸ்’ என்ற ஏற்பாட்டை ஒன்றிய ஆணையம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. உணவுப் பகுப்பாய்வாளர் மாதிரி கிடைத்த 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது; அந்த அறிக்கைகள் எங்கோ அடுக்கப்பட்டுத்தான் இருக்கின்றன. கேட்காமலே அரசுத் துறைகள் தகவலை வெளியிட வேண்டும் என்று 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. பூட்டும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது, திறக்கத்தான் ஆளில்லை.

ஓட்டல் உரிமையாளர்கள் சங்கடப்படுவார்கள். அவர்கள் பயத்தில் நியாயமும் உண்டு. தண்ணீர் லாரி வராத ஒரு நாளில் நடந்த ஆய்வு ஆயுளுக்கும் கடையைத் துரத்தலாம். எதிர்க்கடைக்காரர் அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடலாம். இதற்கு மருந்து மறைப்பதல்ல, மறு ஆய்வையும் அதே தாளில் போடுவது. குறை கண்ட தேதிக்குப் பக்கத்திலேயே சரிசெய்த தேதியும் இருந்தால் வாசிக்கிறவர் முடிவு செய்துகொள்வார். தள்ளுவண்டிக்காரர்களை இது நசுக்கிவிடும் என்பதுதான் எனக்கும் இருக்கும் கவலை. நியூயார்க் 2018 டிசம்பரில் வண்டிகளுக்கும் எழுத்துத் தரத்தை நீட்டித்தது. நாம் அந்த வேகத்தில் போக வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரும் குப்பைத் தொட்டியும் கொடுக்காத மாநகராட்சி, கை கழுவாததற்கு வண்டிக்காரரின் பெயரை இணையத்தில் போடுவது முறையாகாது. முதலில் உரிமம் பெற்ற பெரிய உணவகங்கள், கல்யாண மண்டபச் சமையற்கூடங்கள், விடுதிகள், வீட்டுக்கு உணவு அனுப்புவதற்காகவே இயங்கும் சமையற்கூடங்கள் வரட்டும்.

எழுத்து, நட்சத்திரம், சிரிக்கும் முகம் எதுவும் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். அவை வந்த மறுநாளே 13-க்கும் 14-க்கும் இடையே பேரம் தொடங்கிவிடும். நம் ஊரில் அதற்கு மாமூல் என்று பெயரும் தயாராக இருக்கிறது. வரிகள் மட்டும் வரட்டும்: உரிம எண், ஆய்வு நாள், வழக்கமான ஆய்வா புகாரின் பேரிலா, கண்ட குறை, எடுத்த நடவடிக்கை, மாதிரியின் முடிவு, மறு ஆய்வு நாள். கூடவே ஆய்வு செய்த அலுவலருக்குப் பெயர் இல்லாமல் ஒரு குறியீட்டு எண். ஓர் அலுவலர் போன இருநூறு கடைகளிலும் ஒரு குறைகூட இல்லையென்றால், அந்த இருநூறு கடைகளில் ஒருமுறை இன்னொருவர் போய்வரலாம். மூடிய கடைகளின் வரிகளை நீக்கக் கூடாது. நியூயார்க் செய்த தவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சென்னையின் ஒரு மண்டலத்துக்கு மட்டும், கடந்த ஓராண்டுக்கான இந்த வரிகளை மாநில உணவுப் பாதுகாப்புத் துறை வெளியிடட்டும். அதில் முதலில் கண்ணில் படப்போவது எந்த ஓட்டல் அழுக்கு என்பதாக இருக்காது. எந்தத் தெருவுக்கு அந்த ஓராண்டில் எந்த அலுவலரும் போகவில்லை என்பதாக இருக்கும். அப்படி ஒரு பட்டியல் வந்தால், எத்தனை அலுவலர்கள் தேவை, எத்தனை இடங்கள் காலி, யாருக்கு வண்டி இல்லை என்று துறையே நிதித்துறையிடம் போய்க் கேட்கலாம்.